செத்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், ஊத்துக்குளி வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டும் தம்பிகளுக்கும், வண்டி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், டெஸ்பாட்ச் பார்க்கும் மேனேஜர்களுக்கும்:

“அதே சக்கரம்தாங்ணா, மறுபடியும் போயிருச்சு” என்று வந்து நிற்கும் வண்டிகள் எங்கள் டயர்க் கடைக்குப் பழக்கமானவை. ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். மற்ற மூன்று டயரும் நன்றாகவே இருக்கும். இடது பின்சக்கரம் மட்டும் சில மாதத்துக்கு ஒரு டயரைத் தின்றுகொண்டிருக்கும். முதல் டயர் போனபோது பிராண்டை மாற்றியிருப்பார்கள். அடுத்தது போனபோது கடையை மாற்றியிருப்பார்கள். அதற்கும் அடுத்தது போனதும் டிரைவரை மாற்றியிருப்பார்கள். புது டிரைவர் கையிலும் அதே சக்கரம் போகும்.

அந்தக் கடைசி மாற்றம்தான் இந்த மடலை எழுத வைத்தது. வேலை போனவரும், டயர் காசைச் சம்பளத்தில் பிடிக்கக் கொடுத்தவரும் பெரும்பாலும் அந்த டயர் போனதற்குக் காரணமே இல்லாதவர்கள். ஒரே இடத்தில் டயர் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் காரணம் அந்தச் சக்கரத்தைச் சுற்றியோ, வண்டியில் ஏறும் சுமையிலோ இருக்கிறது. தேடினால் கிடைக்கும். தேடுவதற்கு இருக்கும் ஒரே சாட்சி செத்துப்போன டயர். அதைத்தான் நாம் அன்றைக்கே பழைய டயர்க்காரரிடம் தள்ளிவிடுகிறோம்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றும் முன்பே சாக்பீஸால் குறி போடச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம், வெளிப்பக்கம் எது, வால்வு எந்த இடத்தில் இருந்தது என்ற மூன்றும் போதும். வால்வு இருந்த இடம் தெரிந்தால்தான் டயரில் கண்ட வெட்டும் ரிம்மில் உள்ள நெளிசலும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பிறகு பொருத்திப் பார்க்கலாம். குறி போடாமல் கழற்றிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

அடுத்து, தேய்மானத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் பிழைத்திருந்தால் காற்று குறைவு, அல்லது சுமை அதிகம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். முன்சக்கரத்தில் ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் நிற்கும் சாய்வில் கோளாறு. டயர் முகத்தில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கமாகப் போகும்போது வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல்லாகவும் தட்டினால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. சுற்றிலும் பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங்கையும் பாருங்கள். ஒரே ஓர் இடம் மட்டும் சீவியது போலிருந்தால் பிரேக் பிடித்துச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்கிறது.

பக்கவாட்டில் குமிழ் போல் வீங்கியிருந்தால் பள்ளத்திலோ கல்லிலோ மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்கள் நம் ஊரில் குறைவில்லை. அந்த வீக்கத்துக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓட்டுவது மரணத்தோடு விளையாடுவது. ஆள் ஏற்றும் வண்டியில் அதைச் செய்யும் கடைக்காரர் யாராக இருந்தாலும் தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

பலரும் பார்க்காத இடம் டயரின் உட்புறம். டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டின் உள்ளே சுற்றிலும் வளையமாகச் சுருக்கம் விழுந்து, ரப்பர் கறுத்து, கையில் கரிப்பொடி ஒட்டினால் அந்த டயர் நெடுநேரம் காற்றுக் குறைவாகவே ஓடியிருக்கிறது. ரோட்டில் கேட்ட வெடிச்சத்தம் கடைசி நிமிடத்தில் வந்தது. டயர் சாகத் தொடங்கியது பல நாளுக்கு முன்பு. காற்று குறைந்தால் பக்கவாடு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கும். ரப்பருக்கும் உள்ளிருக்கும் கம்பிக்கும் இடையில் உள்ள பிடிப்பு அந்தச் சூட்டில் விட்டுப்போகும். வெடித்த டயரைப் பார்த்து “வெயிலுக்கு வெடிச்சிருச்சு” என்று சொல்லிவிடுகிறோம். சித்திரை வெயில் கூட்டுச் சேர்ந்ததுதான், தொடங்கிவைத்தது வேறொன்று.

இந்த இடத்தில் ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிட்டிங் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் இடையில் ஓடிய சரக்கு வேன் அது. கழற்றிய டயரின் உள்ளே நான் சொன்ன அதே கறுப்பு வளையம். ஆணி இல்லை, வெட்டு இல்லை. டிரைவர் தம்பி இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்றுப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கோளாறு ரிம்மில் இருந்தது. டயரின் பீடிங் உட்காரும் விளிம்பில் துரு ஏறிச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் அந்த விளிம்பில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பைக் கிலோ கணக்கில் கொட்டுகிறோம். அந்தப் பட்டறை முற்றத்தின் ஈரத்தில்தான் வண்டி தினமும் நிற்கிறது. ஈரத் துணி ஏற்றினால் மேலிருந்தும் நீர் சொட்டுகிறது. ட்யூப்லெஸ் டயருக்கு ரிம்தான் மறுபாதி ட்யூப். டயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் ஓட்டைப் பாதியை அப்படியே வைத்திருந்தார்கள். ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தால் சிலது பிழைக்கும். நெளிந்த ரிம்மும் ஆழமாக அரித்த ரிம்மும் பிழைக்காது, மாற்றத்தான் வேண்டும். புது டயர் போடும்போதெல்லாம் பழைய வால்வையே விட்டுவைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அதன் ரப்பர் டயரை விடச் சீக்கிரம் வெடித்துக் கீறும், விலையோ அற்பம்.

பின்சக்கரத்தில் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. கமான் பட்டையை அச்சோடு இணைக்கும் சென்டர் போல்ட் முறிந்து, யூ போல்ட் தளர்ந்திருந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். வித்தியாசம் வந்தால் வண்டி நண்டு போலச் சாய்ந்துகொண்டே நேராக ஓடுகிறது, டயர் உரசியே தேய்கிறது. மற்றது பிரேக். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருந்தால் சக்கரம் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். ட்ரிப் முடிந்து நிறுத்தியதும் நான்கு ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அடுப்பாகக் காந்தினால் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அந்தச் சூடு டிரம்மிலிருந்து ரிம்முக்கும் ரிம்மிலிருந்து பீடிங்குக்கும் ஏறி, ரப்பரைக் காய்ந்த பிஸ்கட் போல் நொறுங்க வைக்கும்.

இடது பின்சக்கரமே ஏன் அதிகம் அடிபடுகிறது என்று கேட்பீர்கள். ரோட்டின் இடது ஓரத்தில்தான் ஆணியும் கம்பியும் கண்ணாடியும் ஒதுங்கிக் கிடக்கும். படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் புரட்டி நிமிர்த்தும், பின்சக்கரம் அதை வாங்கிக்கொள்ளும். பாய்லருக்கு எரிக்க வரும் பழைய பலகைகளின் ஆணியும், அட்டைப்பெட்டிப் பின்னும், ஸ்ட்ராப்பிங் கிளிப்பும் கம்பெனி வாசலிலேயே கிடக்கும். வாரம் ஒரு நாள் வாசலில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் என்னென்ன ஒட்டுகிறது என்று மேனேஜர்கள் பார்க்கட்டும்.

அடுத்தது சுமை. இதைப் பேசினால் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் கணக்கு உங்கள் டேஷ்போர்டிலேயே கிடக்கிறது. துணி கிலோவில் போகிறது, டெலிவரி சலானில் கிலோ எழுதியிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் வெற்று வண்டி எடையும் சுமையோடு கூடிய எடையும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வரும் எண்ணைச் சலானோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். 2005-ல் டாடா ஏஸ் முதலில் வந்தபோது அதன் சுமை 750 கிலோ. 25 கிலோ ரோல் என்றால் 30 ரோல். 40 ரோல் அடுக்க இடம் இருக்கிறதே என்று அடுக்கினால் ஒரு டன். இடம் இருப்பது அச்சுக்கும் டயருக்கும் தெரியாது. ஈரத் துணி என்றால் சலானில் எழுதிய காய்ந்த எடைக்கு மேல் தண்ணீரின் எடையும் சேர்ந்து ஏறுகிறது. தைத்த பீஸ்களும் பேக்கிங் பெட்டிகளும் எண்ணிக்கையில் போவதால் அங்கே எடை யார் கண்ணிலும் படுவதில்லை. சந்தேகம் இருந்தால் எடை மேடையில் முழு வண்டிக்கு ஒன்று, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி ஒன்று என இரண்டு சீட்டு வாங்குங்கள். மொத்த எடை சரியாக இருந்து பின் அச்சு மட்டும் திணறும் வண்டிகள் நிறைய உண்டு.

அந்தப் பின் அச்சு எடையை டயரின் பக்கவாட்டோடு பொருத்துங்கள். அளவுக்குப் பின்னால் 86/84 போல ஓர் எண் இருக்கும். ஒற்றைச் சக்கரமாக ஓடினால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும், ஜோடிச் சக்கரமாக ஓடினால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும் என்பது அதன் கணக்கு. அதுவும் முழுக் காற்று இருந்தால்தான். அதே ரிம்மில் பொருந்துகிறது, விலை குறைவு என்று கார் டயரைச் சரக்கு வேனுக்குப் போடுவதைப் பார்க்கிறேன். அந்த டயரில் 74 என்று இருந்தால் அது தாங்குவது 375 கிலோ. இரண்டு டயர் சேர்ந்து 750. அச்சின் எடையும் பாடியின் எடையும் அதற்குள்தான் வர வேண்டும். அந்த டயர் ஆறு மாதம் உழைத்தால் அதுவே பெரிது.

ஆள் ஏற்றும் வேன்களுக்கும் இதே கணக்குத்தான், இங்கே பயம் கூடுதல். தாராபுரம், கோபி, புளியம்பட்டி, அன்னூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் வண்டியில் சீட்டுக்கு மேல் பத்துப் பேர் ஏறினால் சராசரி 55 கிலோ வைத்தாலும் 550 கிலோ. பின்சீட்டுகள் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் வண்டிகளில் அந்த எடை பின் டயரைத்தான் இன்னும் அழுத்தும். ஏறுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்ற அவசரத்தில், அடுத்த வண்டி கிடைக்காது என்ற கவலையில் ஏறுகிறார்கள். டிரைவர் தம்பி “இடமில்லை” என்று சொன்னால் கம்பெனியில் திட்டு வாங்குகிறார். இரண்டாவது ட்ரிப் அடிக்க முடியாத தூரத்துக்கு ஒரே வண்டியை ஒதுக்கியது யார் முடிவு என்று மேனேஜர்கள் யோசிக்க வேண்டும். டாடா 407 போல் பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிகளில் உள்சக்கரத்தின் காற்றை யாரும் பார்ப்பதே இல்லை. அது இறங்கிக் கிடந்தால் வெளிச்சக்கரம் இரட்டைச் சுமை தூக்கும், வெளியே பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்ததுதான். வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அளவுக் கருவி சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் அளவு மாறும். ஆறு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடும். அதனால் ஓடி நின்ற வண்டியில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். காலையில் 50 இருந்தது மதியம் 55 ஆனால் சரி. 60-ஐத் தாண்டினால் டயர் அளவுக்கு மீறி மடங்குகிறது, சுமையையோ காற்றையோ பார்க்க வேண்டும். நைட்ரஜன் பிடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு நல்ல அளவுக் கருவி வாங்கலாம்.

இனி எழுதி வைப்பதைப் பற்றி. இதற்காகவே அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1998-ல் ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தில் ஆய்வு வேலை பார்த்த சாம் பாய்டன், விபத்துக் கோப்புகளைப் புரட்டும்போது 21 கோப்புகளில் ஒரே மாதிரி விஷயம் வருவதைக் கண்டார். ஃபயர்ஸ்டோன் டயர், அதன் மேல்பகுதி உரிந்து பிரிதல், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டி. அரசுத் துறைக்கு எழுதினார், உடனே யாரும் அசையவில்லை. 2000 ஆகஸ்ட் 9-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த டயர்களோடு தொடர்புடையவை என்று அமெரிக்க அரசு கணக்கிட்ட சாவுகள் 271. வெயில் கொளுத்தும் தென் மாநிலங்களில்தான் அதிகம் நடந்தது. அந்த வண்டிக்கு 26 பவுண்டு காற்றே போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. டயர் தயாரிப்பிலும் குறை, காற்றிலும் குறை என்று இரண்டு நிறுவனமும் ஒன்றையொன்று கைகாட்டின. அதன்பின் வந்த சட்டத்தால்தான் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது. இருபத்தொரு கோப்பு ஒருவர் மேஜையில் ஒன்றுசேர்ந்ததால்தான் அந்த முறை கண்ணில் பட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தவரை ஒவ்வொன்றும் ஒரு டிரைவரின் தலைவிதியாகவே இருந்திருக்கும்.

நம் ஊரில் இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனி எதிலும் உடைந்த ஊசிப் பதிவேடு உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, பதிவேட்டில் ஒட்டி, தேதி, லைன், மெஷின் எண் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். குழந்தை போடும் பனியனில் ஊசித் துண்டு தங்கிவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். ஒரே மெஷினில் அடிக்கடி ஊசி உடைந்தால் டெய்லரைத் திட்டுவதோடு மெக்கானிக்கையும் கூப்பிடுகிறோம். டயருக்கும் அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள் என்று கேட்கிறேன். செத்த டயரைக் காட்டிப் பதிந்த பிறகே புது டயர். வண்டி எண், எந்தச் சக்கரம், ஓடோமீட்டர், அன்று ஏற்றியிருந்த கிலோ அல்லது ஆட்கள், கடைசியாகக் காற்றுப் பார்த்த நாள், டயரில் கண்ட அடையாளம், ஒரு போட்டோ. டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் எழுதுங்கள். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. “புது டயருங்க” என்று விற்ற டயர் கடையில் எத்தனை வருடம் தூங்கியது என்று அதில் தெரிந்துவிடும்.

வண்டி வைத்திருக்கும் அண்ணன்மார்களே, அந்த நோட்டில் ஒரே சக்கரம் இரண்டாம் தடவை வந்தால் டிரைவரிடம் காசு பிடிக்காதீர்கள். ரிம், வால்வு, பிரேக், பட்டை, சுமை ஐந்தையும் பார்த்து முடிக்கும்வரை டயர் செலவு வண்டியின் செலவு. டிரைவர் காற்றுப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் நோட்டில் தெரியும், அப்போது கேளுங்கள். ஆனால் காற்றுப் பார்க்க அவருக்குக் காலையில் பத்து நிமிடமும் கையில் ஒரு கருவியும் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேனேஜர்களே, பையர் ஆடிட்டுக்குத் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறீர்கள், மெட்டல் டிடெக்டர் பதிவைப் பார்க்கிறீர்கள். அதே அலமாரியில் வேன் டயர் நோட்டும் இருக்கட்டும். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் சிறு மேடாக அடையாளம் இருக்கும், தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் மாற்ற வேண்டும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகூட இதைப் பார்த்துச் சொல்லலாம்.

தம்பிகளே, ஸ்டெப்னியைப் பாருங்கள். வண்டியின் அடியில் தொங்கிச் சேறு தின்றுகொண்டிருக்கும் அந்தச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்பது பலருக்கு வெடித்த அன்றுதான் தெரிகிறது. மற்றவற்றை விட நான்கைந்து பவுண்டு கூட்டியே பிடித்து வையுங்கள், மாட்டும்போது அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். ஜாக்கி வேலை செய்கிறதா என்று பகலில் ஒரு தடவை வண்டியைத் தூக்கிப் பாருங்கள். ஓடும்போது பின்பக்கம் ஆடுவது போலவோ, ‘தட் தட்’ என்று மெல்ல அடிப்பது போலவோ தெரிந்தால் ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். டயரின் மேல்பகுதி பிரியத் தொடங்கும்போது வரும் சத்தம் அது.

அந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வரும். கன்டெய்னர் காத்திருக்கிறது, தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். அந்தப் போனைப் பண்ணுகிற மேனேஜர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “நின்னு மாத்திட்டு வா, லேட்டை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அவர் பெயரையும் போன் நம்பரையும் ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் டயர்க் கடைத் தொழிலாளி ஒருவன்